பன்னிரண்டு என்று சொன்னவள்

மீன் ஏலக்கூடத்தின் பின்கட்டில் பெட்டி கட்டும் வேலை பார்த்த அந்தப் பெண்ணைப் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. நின்ற இடத்தில் நிற்கத் தெரியாதவள். ஒரு பெட்டியின் அடியில் ஐஸைக் கொட்டிப் பரப்புவாள். அது முடியுமுன் அடுத்த பெட்டிக்கு மூடி தேடிப் போவாள். போகிற வழியில் தராசுக்காரரோடு ஒரு வாய்ச்சண்டையை முடித்துக்கொண்டு, திரும்பி வந்து முதல் பெட்டியில் மீனை அடுக்கிக்கொண்டிருப்பாள். "இவளைத் தூணில கட்டிப் போட்டா தூணும் சேர்ந்து நடக்கும்" என்பார் மேஸ்திரி.

அதனால், இரண்டாவது குழந்தை வயிற்றில் வந்து ஐந்து மாதமானபோது அவள் முன்னைவிட இரண்டு மடங்கு அலைந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பம்பரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் பார்க்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது?

அவளுக்குத் தெரிந்தது. பழைய பரபரப்பு அவள் பேச்சைக் கேட்கும். இது அவளை ஏவியது. உட்கார்ந்தால் போதும், முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கும் சதைக்கும் நடுவில் ஏதோ ஊரத் தொடங்கிவிடும். எறும்பாக இருந்தால் தட்டிவிடலாம். இதைத் தொடவே முடியாது. எழுந்து நாலு எட்டு நடந்தால் அடங்கும், உட்கார்ந்தால் மறுபடி கிளம்பும். பஸ்ஸில் யாராவது எழுந்து, "புள்ளத்தாச்சி, உட்காரும்மா" என்றால், "அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேங்க" என்று சொல்லிவிட்டு ஏழு ஸ்டாப்பும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றே போவாள்.

சரி, நடக்கத்தான் நடந்தாளா என்றால் அதுவும் இல்லை. வீடு இரண்டாவது மாடியில். முதல் குழந்தையைச் சுமந்தபோது, கையில் தண்ணீர்க்குடத்தோடு ஒரே மூச்சில் ஏறிய படிதான். இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்கும். உட்காரவும் முடியாது, ஏறவும் முடியாது. இந்த உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்தத் தவிப்புக்கு அவள் கண்டுபிடித்த ஒரே மருந்து ஐஸ். மீனுக்குப் போடுகிற ஐஸை வாயில் வைக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கட்டியை உடைத்ததும் மேலே தெறிக்கிற சுத்தமான சில்லு அவளைக் கூப்பிட்டது. ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்தால் தலைக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம் ஆயிற்று, பிறகு நாலு கிண்ணம். பக்கத்து மேசைப் பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல் கூசி முகத்தைச் சுளித்தார்கள்.

அவள் புருஷன் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். ஐஸ் தொழிற்சாலையிலிருந்து ஏலக்கூடத்துக்கும், ஏலக்கூடத்திலிருந்து கடைகளுக்கும் நாள் முழுக்க ஓட்டம். அதிகம் பேசமாட்டான், பேசினாலும் வண்டியைப் பற்றித்தான் பேசுவான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மனைவி அவனிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் இந்த ஐஸ்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மீன் ஐஸ் வேண்டாம் என்று கடிந்துகொண்டு, குடிக்கிற தண்ணீரில் செய்த கட்டிகளாகப் பார்த்து வாங்கி, வாயகன்ற பிளாஸ்கில் நிரப்பிக் காலையிலும் மாலையிலும் கொண்டுவந்து கொடுத்தான். "ஊர்ல அவனவன் பொண்டாட்டி புளிப்பு கேக்கிறா, இனிப்பு கேக்கிறா. என் பொண்டாட்டி எனக்குச் செலவே வைக்கல" என்று வண்டிக்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டான்.

வீட்டில் இவர்களோடு அவன் அக்காவும் இருந்தாள், பம்பரத்துக்கு அண்ணி. பள்ளிச் சீருடை தைக்கிறவள். ஜன்னலோரத்தில் அவளுடைய தையல் மெஷின். அதன் காலடியில் துணித்துண்டுகளைப் பரப்பி விளையாடியபடி பம்பரத்தின் மூத்த மகள், நாலு வயது. அந்தச் சிறுமியை வீட்டில் குட்டி என்பார்கள். அண்ணிக்கு ஊசியைவிட வாய் கூர்மை. ஆனால் ஐஸ் விஷயத்தில் அவளும், "மசக்கைதான், விடு. எங்க பெரியம்மா சுவரைச் சுரண்டித் தின்னாங்க. அந்தப் பையன் இன்னைக்குக் கொத்தனாரா இருக்கான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள்.

கர்ப்பிணிகள் மருத்துவமனையில் பெயர் பதிந்த நாளில் எடை பார்த்து, ஒரு பட்டை சிவப்பு மாத்திரையைக் கொடுத்து, ரத்தப் பரிசோதனைக்கு வேறொரு நாள் காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். பம்பரம் போகத்தான் போனாள். டோக்கன் எண் அறுபத்திரண்டு. நீளமான மர பெஞ்சில் வயிறும் வயிறுமாகப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இவள் உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கால் கிளம்பிவிட்டது. ஒரு காலால் மறுகாலை அழுத்திப் பார்த்தாள். குனிந்து கெண்டைக்காலைப் பிசைந்தாள். பக்கத்தில் இருந்தவள், "என்னக்கா, செருப்புக்குள்ள ஏதாவது பூந்துடுச்சா?" என்று கேட்டாள். எழுந்து வாசலுக்குப் போய், மருந்துக்கடை வரை நடந்து, திரும்பி வந்தால் எழுபதாவது எண் ஓடிக்கொண்டிருந்தது. "கூப்பிட்டோம், ஆள் இல்ல. நாளைக்கு வாங்க" என்றார் சீட்டுக் கொடுப்பவர். அடுத்த வாரம் போனபோதும் இதே கதை. மூன்றாவது தடவை பஸ் ஏறவே மனம் வரவில்லை.

வீட்டில் கேட்டார்கள். "ரத்தம் பார்த்தாங்களா? எவ்வளவு இருக்காம்?" அண்ணி மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

பெஞ்சில் பக்கத்திலிருந்த பெண் யாரிடமோ போனில், "எனக்குப் பன்னெண்டு இருக்கு" என்று சொன்னது பம்பரத்தின் காதில் விழுந்திருந்தது.

"பன்னெண்டு அண்ணி" என்றாள்.

"நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதானாம்."

ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலாக ஒன்பது பொய்யை நிறுத்த வேண்டியிருக்கும் என்பது சும்மா இல்லை. மாத்திரைக்கும் ஒரு பொய் வேண்டியிருந்தது. மூன்று நாள் ஒழுங்காகத்தான் போட்டாள். வயிறு எரிந்தது, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நாலாம் நாள் கழிவறையில் கீழே பார்த்தவள் உறைந்துபோனாள். தார் மாதிரி கறுப்பு. எப்போதோ யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள், உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும் என்று. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அன்று முழுக்க வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே திரிந்தாள். குழந்தை உதைத்தது. அப்படியென்றால் மாத்திரைதான் காரணம் என்று தானே முடிவுகட்டி, மிச்சப் பட்டையை ஏலக்கூடத்தில் மீன் கழிவு போடுகிற பீப்பாயில் எறிந்துவிட்டாள். கழிவறை விஷயத்தை யாரிடம் போய்க் கேட்பது? மேஸ்திரியிடமா? அண்ணியிடம் சொல்லலாம், அண்ணியிடம் சொன்னால் கீழ்வீட்டில் இருப்பவர்களுக்கும் சொன்ன மாதிரி.

ஏழாவது மாதம் பிறந்தது. உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்து, கொட்டாவி விட்டால் எரிந்தது. கூடத்தில் எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்த மதியத்தில் இவளுக்குக் கை சில்லிட்டது. கண்ணாடியில் முகம் பார்த்தால் வெந்த மீனின் நிறம். "சிவப்பாயிட்டு வர்ற. பொறக்கிற குழந்தை நல்ல கலரா இருக்கும்" என்று தராசுக்காரர் சொன்னபோது அவளும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பப் பார்த்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பெட்டிக்கு மூடி அடித்துக்கொண்டே ஒரு பெரிய ஐஸ் சில்லைக் கடித்தாள். இந்தத் தடவை இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று ஐஸ் உடைந்த சத்தம். இன்னொன்று என்ன என்று யோசிப்பதற்குள் கன்னத்திலிருந்து உச்சி வரைக்கும் மின்சாரம் பாய்ந்தது. கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்திருந்தது. அவள் கத்திய கத்தலில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் தொகையை மறந்து நின்றுவிட்டார்.

புருஷன் ஐஸ் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு பல் டாக்டரிடம் போனான். துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறை மருத்துவமனை. டாக்டரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான உருவம், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ஆள். நாற்காலியைப் பாதி சாய்த்து, விளக்கை வாய்க்கு நேராகத் திருப்பினார்.

"வாயை நல்லாத் திறங்க. காலை ஆட்டாதீங்க."

பம்பரம் வாயைத் திறந்தாள். கால் ஆடியது.

"ஆட்டாதீங்கம்மா. கை தவறிக் குத்திடப் போறேன்."

"ஆட்டலீங்க. அதுவா ஆடுது" என்றாள் வாயில் கண்ணாடிக் குச்சியோடு. அது டாக்டருக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரம்மா குச்சியை வெளியே எடுத்தார். பல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். வெள்ளைத்தாளில் எண்ணெய் தடவியதுபோல் நாக்கு வழவழவென்று இருந்தது. உதட்டைக் கீழே இழுத்து ஈறைப் பார்த்தார். உதட்டோரத்து வெடிப்பைப் பார்த்தார். கடைசியில் கட்டைவிரலால் கண்ணின் கீழிமையை இழுத்து அதையும் பார்த்தார்.

"பல் எப்படி உடைஞ்சது?"

"ஐஸ் கடிச்சேன்."

"தினமும் கடிப்பீங்களா?"

பம்பரம் பதில் சொல்லுமுன் மூலையில் நின்ற புருஷன் முன்னால் வந்தான். "ஐஸ்னா உயிருங்க டாக்டர். நாந்தான் கொண்டுவந்து குடுக்கிறேன். காலையில ஒரு பிளாஸ்க், சாயந்திரம் ஒரு பிளாஸ்க். சுத்தமான தண்ணியில செஞ்சது."

"ரத்தம் எவ்வளவு இருக்கு?"

"பன்னெண்டு" என்றான் புருஷன், பரீட்சையில் கேட்ட கேள்வி படித்த கேள்வியாக வந்துவிட்ட பையனைப்போல.

"யார் சொன்னா?"

"ஆஸ்பத்திரியிலதான். போன மாசம் பார்த்தாங்களே." அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "சொல்லேன்."

அவள் கூரையில் சுற்றிய விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா நாற்காலியை நிமிர்த்தினார். "இந்தக் கண்ணுல பன்னெண்டு இல்லம்மா. இதுல பாதி இருந்தாலே அதிகம். உடம்புல இரும்புச்சத்து அடியோட வத்திப்போச்சுன்னா சிலருக்கு இப்படித்தான் ஐஸ் மேல வெறி வரும். காலும் சும்மா இருக்காது. பல்லுக்கு மேலாக ஒரு பூச்சு வெச்சு அடைச்சு விடறேன், வலி அடங்கும். ரத்தம் பார்க்காம நான் இந்தப் பல்லைப் பிடுங்கமாட்டேன். இங்கேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க."

புருஷன் அவளுக்கு முன்னால் படியிறங்கினான். வண்டியில் ஏறி, சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் ஐஸ் உருகி ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பார்க்கவே இல்லையா?" என்றான்.

"இல்ல."

"அப்போ பன்னெண்டு?"

"பக்கத்துல இருந்தவளோடது."

அவன் வண்டியைக் கிளப்பினான். அன்றைக்கு ஐஸ் போக வேண்டிய நாலு கடைக்கும் போகவில்லை.

ஆறு புள்ளி நாலு என்று வந்தது. பரிசோதனைச் சீட்டைப் பார்த்த பெரிய டாக்டர், பம்பரத்தை அன்றே வார்டில் படுக்க வைத்தார். கூடவே ஒரு நர்ஸை அனுப்பி, நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டு எழுதச் சொன்னார். செய்தி கேட்டு அண்ணியும் குட்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள்.

"காலையில டீ. ரெண்டு ரஸ்க்" என்று தொடங்கினாள் பம்பரம். "பத்து மணிக்கு டீ. பன்னெண்டரைக்குக் கொஞ்சம் சோறு, குழம்பை மேலாக ஊத்திக்கிட்டேன். சாப்பிட்டதும் டீ. மூணு மணிக்கு டீ, பன். அப்புறம் படுக்கிறதுக்குள்ள இன்னும் மூணு டீ."

"மீன்?"

"அய்யோ. நாள் முழுக்க அதுலயே கை வெச்சுட்டு அதையே வாயில வைக்க முடியாதுங்க."

"முட்டை, கறி, பருப்பு, கீரை?"

அண்ணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "கீரை வெச்சா, நான் என்ன ஆடான்னு கேப்பா சிஸ்டர். பருப்பு வெச்சா வயிறு உப்புதுன்னுவா. முட்டை நாறுதாம். எனக்கென்ன, நாலு பேருக்குச் சமைச்சு மூணு பேருக்குப் போட்டுக்கிட்டிருக்கேன்."

நர்ஸ் எழுதி முடித்து, டீயை மட்டும் விரலால் எண்ணினாள். ஏழு. பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கிறதே இரும்புச்சத்துதான். முதல் குழந்தைக்கு ரெண்டு வருஷம் பால் கொடுத்திருக்கீங்க, மாசாமாசம் வேற நிறையப் போகும்னு சொல்றீங்க. அதுலேயே பாதி காலி. இப்போ உள்ள இருக்கிற குழந்தைக்கும் வேணும், அது உங்ககிட்டயிருந்துதான் எடுக்கணும். நீங்க சாப்பிடறதுல இருக்கிறதே துளியூண்டு. அதையும் சோத்து மேல டீயை ஊத்தினா, டீ பிடிச்சு வெச்சுக்கும், உடம்புக்குள்ள போக விடாது. டீயே குடிக்காதீங்கன்னு சொல்லல. சாப்பாட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடுங்க. மாத்திரை போட்டீங்களா?"

பம்பரம் அண்ணியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு நர்ஸின் காதுப்பக்கம் குனிந்து எதையோ சொன்னாள்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "கறுப்பாத்தான் போகும்மா. எல்லாருக்கும் போகும். மாத்திரை கொடுத்தப்பவே அதை உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லலேன்னா அது எங்க தப்பு" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு மாதம் பயந்தோமே என்று பம்பரத்துக்கு அழுகை வந்தது.

மாத்திரை ஏறி வேலை செய்கிற அளவுக்கு நாள் இல்லை என்று இரும்பு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. பழுப்பு நிறத்தில் துருத் தண்ணீர் மாதிரி இருந்தது. படுத்தால் கால் விடாது, நடந்துகொண்டே ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தாள். நர்ஸ் முதல் பத்து நிமிஷம் பக்கத்திலேயே நின்று கவனித்துவிட்டு, சக்கரம் வைத்த கம்பத்தைத் தள்ளிக்கொண்டு கட்டிலைச் சுற்றி நடக்க விட்டாள். மற்றக் கட்டில்களில் இருந்த பெண்கள் அவள் எத்தனை சுற்று போனாள் என்று எண்ணிச் சொன்னார்கள்.

முதல் தடவை ஏற்றியதும் வீட்டுக்கு அனுப்பி, மிச்ச ஊசிக்கு வந்து போகச் சொன்னார்கள். வேலைக்குப் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அண்ணியின் ஆட்சி. டீத்தூள் டப்பா அண்ணியின் துணிப்பெட்டிக்குள் போய்விட்டது. காலையில் முட்டை, மதியம் பருப்பும் கீரையும், வாரத்தில் இரண்டு நாள் ஆட்டு ஈரல், கூடவே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு தம்ளர். புளிப்பு சேர்ந்தால் சத்து நன்றாக ஏறும் என்று நர்ஸ் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அண்ணி பாலிலும் எலுமிச்சை பிழியப் போனதை நல்லவேளையாகப் புருஷன் தடுத்தான். "ஆடுன்னியே, மேய்" என்று கீரைத் தட்டை முன்னால் வைப்பாள். பம்பரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். அடுத்த நிமிஷம் எழுந்து அறைக்கும் சமையலறைக்கும் நடப்பாள்.

ஐஸ் மட்டும் வரவில்லை. பல் டாக்டரிடம் போய்வந்த அன்றே புருஷன் பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து, பரண்மேல் வைத்துவிட்டான். அவள் கேட்டாள், கெஞ்சினாள், ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டாள். அவன் பேசாமல் இருந்தான். அந்த மௌனம் அவளுக்கு ஐஸ் இல்லாததைவிடப் பெரிய இம்சையாக இருந்தது.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்த மறுநாள், குட்டி வாசலுக்கு ஓடிவந்து, வேலை முடிந்து படியேறிக்கொண்டிருந்த அப்பனிடம் கீழ்வீடு வரை கேட்கும்படி கத்தினாள். "அப்பா! அம்மா ஃப்ரிட்ஜைத் திங்கிறாங்க!"

உள்ளே போனால், திறந்த ஃப்ரிட்ஜின் முன்னால் கையில் கரண்டியோடு பம்பரம் நின்றாள். மேல் தட்டில் படிந்திருந்த வெண்பனியைச் சுரண்டியிருந்தாள். உதட்டில் இன்னும் ஒட்டியிருந்தது.

அவன் ஃப்ரிட்ஜை மூடினான். கரண்டியை வாங்கி வைத்தான். "நான்தான் உன்னைக் கெடுத்தேன்" என்றான்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பிளாஸ்க் பிளாஸ்க்கா கொண்டுவந்தேன். கேட்டதைக் கொடுக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன். உன் முகத்தைப் பார்க்கல. டாக்டரம்மா அஞ்சு நிமிஷம் பார்த்தாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சுது."

"பன்னெண்டுன்னு சொன்னது நானு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் சொன்ன?" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "ஒரு நம்பரை எதுக்குக் கண்டுபிடிச்ச? உட்கார முடியலேன்னு சொல்லியிருந்தா நான் போய் லைன்ல உட்கார்ந்திருக்கமாட்டேனா?"

"தினம் கேட்டீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல. எனக்குப் பயமா இருந்துச்சு. கறுப்பாப் போச்சு, உள்ள ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"அதையாவது சொல்லியிருக்கலாம்."

"எப்பங்க சொல்றது? நீங்க வீட்டுல இருக்கிறதே சாப்பிடற நேரம். சோறு போட்டுட்டு அதைச் சொல்லவா?"

மெஷின் பக்கமிருந்து அண்ணி களுக்கென்று சிரித்தாள். அவனுக்கும் உதடு கோணியது. கோபத்தை விடவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. மறுவாரத்திலிருந்து மருத்துவமனைக்கு அவன் முன்னால் போய் டோக்கன் வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தான், வயிற்றுப் பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆணாக. பம்பரம் வாசலில் நடந்துகொண்டிருப்பாள். எண் வந்ததும் எழுந்து கையைத் தட்டுவான்.

ஊசிக் கணக்கு முடிந்து இரண்டு வாரம் போயிருக்கும். பழ வியாபாரி பக்கத்து வீட்டுக்கு ஐஸ் போட்ட சாற்றைக் கொண்டுபோகிறதைப் படியில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் அது அவளுக்கே உறைத்தது. காலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. ரத்தம் மட்டும் மெதுவாகத்தான் ஏறியது. ஏழரை. எட்டு புள்ளி ஆறு. அவள் ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கையில் வாங்கித் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள். அப்படியும் அண்ணி சீட்டைக் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை என்று பம்பரத்துக்கும் தெரியும், ஆனாலும் சுருக்கென்றது.

நாள் நெருங்க நெருங்க வேறொரு பதற்றம் பிடித்தது. குறைந்தது பத்து வர வேண்டும் என்றார் டாக்டர். ஒன்பதரையில் நின்றுவிட்டது. முள் நகராத தராசை முறைக்கிற மாதிரி அந்த எண்ணை முறைத்தாள். ஒருவேளைக்கு இரண்டு முட்டை சாப்பிட்டாள், மூன்று மாத்திரை போடட்டுமா என்று கேட்டுத் திட்டு வாங்கினாள். தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று இரண்டு பை ரத்தத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். புருஷனோடு ஐஸ் வண்டிக்காரர்கள் ஆறு பேர் போய்க் கையை நீட்டிவிட்டு வந்தார்கள்.

ஒரு புதன்கிழமை விடிந்து வெயில் ஏறிய நேரத்தில் வலி எடுத்தது. மதியம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ அறுநூறு. அழுகைச் சத்தம் கேட்டு வெளியே அண்ணி கையெடுத்து நெஞ்சில் வைத்தாள். ஆனால் உள்ளே கதவு திறக்கவில்லை. ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்து ஓடினாள், இன்னொருத்தி வேகமாக உள்ளே போனாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. பம்பரத்துக்கு யாரோ தன் வயிற்றை இரண்டு கையாலும் பிசைவது தெரிந்தது. "ஊசி, ஊசி" என்ற குரல் கேட்டது. கூரையின் வெளிச்சம் விலகி விலகிப் போனது. வெளியே புருஷன் சுவரைத் தொட்டுக்கொண்டு தாழ்வாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். அன்று பம்பரம் அவன்தான்.

இருபது நிமிஷத்தில் நின்றது. ஒதுக்கி வைத்த இரண்டு பையில் ஒன்று ஏறியது.

"ரெண்டு மாசம் முன்னாடி இருந்த நிலைமையில இந்த ரத்தம் போயிருந்தா…" என்று சொல்ல ஆரம்பித்த டாக்டர், அவன் முகத்தைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லாமல் கையுறையைக் கழற்றினார். "மாத்திரையை இன்னும் மூணு மாசம் விடக்கூடாது. போட்டாச்சான்னு நீங்களே பாருங்க."

மூன்றாம் நாள், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், அதே நர்ஸ் கட்டிலுக்கு வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் குட்டி உட்கார்ந்து, அண்ணிக்காக வாங்கி வைத்திருந்த டீயில் பிஸ்கட்டை முக்கித் தின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் சும்மா பேச்சுக்கொடுப்பவளைப்போல அவள் கன்னத்தைத் தட்டி, கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"இவ என்ன சாப்பிடுவா?"

அண்ணி டீத் தம்ளரைக் குட்டியிடமிருந்து நகர்த்தி வைத்தாள். தாய் குடித்த டீயில் மிச்சம், தாய் தின்ற ரஸ்க்கில் பாதி. தட்டில் வைத்த கீரையை அம்மா தள்ளினால் மகளும் தள்ளுவாள். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் நாலு வருஷமாக அதுதான் நடந்திருந்தது.

அன்றே அந்தச் சின்ன விரலிலும் ஒரு துளி எடுத்தார்கள். எட்டு புள்ளி ஒன்பது.

இப்போது அந்த இரண்டாவது மாடி வீட்டில் காலை ஏழு மணிக்கு ஒரு ஓட்டம் நடக்கிறது. தோளில் கைக்குழந்தை, கையில் சிரப் ஊற்றிய கரண்டி, சாய்ந்துவிடாமல் நீட்டிப் பிடித்தபடி பம்பரம் போகிறாள். குட்டி மெஷினுக்கு அடியில் புகுந்துகொண்டு வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். "பல்லு கறுப்பாயிடும், எனக்கு வேணாம்" என்கிறாள். அப்பன் ஒரு பக்கம் மண்டியிட்டுக் கூப்பிடுகிறான், அத்தை மறுபக்கம் ஆரஞ்சுச் சுளையைக் காட்டுகிறாள். பாதி மருந்து சட்டையில் சிந்தி, சோப்புக்கு அசையாத ஒரு கறையாகிறது. பம்பரம் கரண்டியை மறுபடி நிரப்புகிறாள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், தாய்க்கும் மகளுக்கும்.